மகள் சமூகவியல் படிக்கட்டுமே!



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேச்சோடு "பிள்ளையை எதில சேர்க்கிறது?" என்ற பேச்சும் வந்துவிடும். போன வருடம் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பி.ஏ. சமூகவியல்தான் வேண்டும் என்று நின்றாள். "அதைப் படிச்சு என்ன செய்யப் போறே? நர்சிங், கம்ப்யூட்டர்னா ஒரு வேலையாவது உண்டு" என்றார் அம்மா. கல்விக் கடன் கேட்டு அவர் குழுவுக்கு வந்தபோது நமக்கும் பதில் தெரியவில்லை. கடன் கொடுத்தோம், தயங்கித்தான் கொடுத்தோம். அது என்ன படிப்பு என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

சமூகவியல் என்றால் என்ன?

மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தைப் படிப்பதுதான் சமூகவியல். குடும்பம், திருமணம், சாதி, மதம், தொழில், கிராமம், நகரம் எல்லாம் இதில் பாடம். நம் நாட்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-லேயே இதற்குத் தனித் துறை தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு விஷயத்தை விளக்குகிறார். ஒரு ஊரில் ஒருத்தருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவருடைய சொந்தக் கஷ்டம். லட்சக்கணக்கான பேருக்கு வேலை இல்லை என்றால் அது பொதுப் பிரச்சினை. அதற்குக் காரணத்தை ஒவ்வொருவரின் குணத்தில் தேடக்கூடாது, சமூகம் நடக்கும் முறையில் தேட வேண்டும்.

இது நமக்குப் புதுசா? குழு சேர்வதற்கு முன்னால் "கந்துவட்டியில மாட்டினது என் தலையெழுத்து" என்றுதானே ஒவ்வொருவரும் நினைத்தோம். வட்டமாக உட்கார்ந்து பேசின பிறகுதான், எல்லோரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சீர் செலவுக்கும்தான் கடன் வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது.

மூன்று வருடம் என்ன படிப்பார்கள்?

மொத்தம் 6 செமஸ்டர். சமூகவியல் அறிமுகம், சமூகவியல் சிந்தனையாளர்கள், இந்தியச் சமூகம், ஊரகச் சமூகம், பெண்களும் சமூகமும் என்பது போன்ற பாடங்கள் வரும். முக்கியமானது ஆராய்ச்சி முறைகள். கேள்வித்தாள் தயாரிப்பது, பேட்டி எடுப்பது, மக்களோடு இருந்து கவனிப்பது, கிடைத்த விவரத்தைத் தொகுத்து எழுதுவது எல்லாம் இதில் கற்றுத் தருவார்கள்.

ஊரைப் போய்ப் பார்த்துப் படிக்கும் வழக்கம் நம் தமிழ்நாட்டுக்குப் பழையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களை அவரவர் கிராமத்தையே ஆராயச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் நிலம், கூலி, கடன் விவரங்கள் 1918-ல் புத்தகமாக வந்தன.

மைசூரைச் சேர்ந்த எம்.என். சீனிவாஸ் 1948-ல் ராம்புரா என்ற கிராமத்தில் பல மாதம் தங்கி ஆராய்ந்தார். 1970-ல் அமெரிக்காவில் அவர் இருந்த இடத்தில் நடந்த தீவைப்பில் அவரது குறிப்புகள் எரிந்துபோயின. ஞாபகத்தை நம்பியே எழுதி 1976-ல் புத்தகம் வெளியிட்டார். அதில், தான் பார்த்தது மேல்சாதிக்காரர் பார்வையில் தெரிந்த ஊர்தான் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். இந்தச் செய்தியை நமக்குச் சொன்னதே அந்தப் பொண்ணுதான். ஏன் சொன்னாள் என்று கேளுங்கள்.

நம் வரைபடத்தில் விட்டுப்போன வீடுகள்

இந்தப் பொங்கல் லீவுக்கு வந்தவள், நம் கூட்டமைப்பு அறையில் மாட்டியிருக்கும் சமூக வரைபடத்தைப் பார்த்தாள். கோயில் திடலில் கோலப்பொடியில் வரைந்து, பிறகு சார்ட்டில் எழுதி வைத்தது. "காலனியில 31 வீடு இருக்கே, படத்துல ஏன் நாலு வீடுதான் இருக்கு?" என்று கேட்டாள்.

நாம் யாரும் வேண்டுமென்று விடவில்லை. ஆனால் வரைந்த இடம் கோயில் திடல். காலனிப் பெண்கள் தயங்கி வரவில்லை. வராதவர்கள் வீட்டை வந்தவர்கள் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டோம். அந்தப் படத்தை வைத்துத்தானே மிகவும் ஏழ்மையான குடும்பங்களின் பட்டியல் போட்டோம்! அதில் வர வேண்டிய விதவைச் சகோதரிகள் இரண்டு பேர் பெயர் வரவே இல்லை. நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் ரேஷன் கடை முன்னால் மறுபடி வரைந்தோம். காலனிப் பெண்களே கோலப்பொடியைக் கையில் எடுத்தார்கள். பட்டியலும் திருத்தப்பட்டது. "இவ கேட்கிற கேள்வி சங்கடமாத்தான் இருக்கு, ஆனா கேட்கட்டும்" என்றார் அவள் அம்மா.

வேலை கிடைக்குமா?

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று இந்தப் படிப்பு உறுதி தராது. ஆனால் வழிகள் உண்டு.

• பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள் எழுதலாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடமாக உண்டு.

• எம்.ஏ. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் தொண்டு நிறுவனம், ஆஸ்பத்திரி, கள ஆய்வு ஆகிய வேலைகளுக்குப் போகலாம்.

• எல்லாக் கல்லூரியிலும் இந்தப் பாடம் இல்லை. விண்ணப்பிக்கும் முன் விசாரியுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக வீட்டிலிருந்தும் படிக்கலாம்.

• 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊர் வரைபடத்தை எங்கே வரைந்தோம்? யார் வரவில்லை?

2. நம் குழுவில் "தலையெழுத்து" என்று சொல்லப்படும் கஷ்டங்களில் எவை பொதுப் பிரச்சினை?

3. பெண்பிள்ளை கேள்வி கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.