ரக்பி ஆட்டமும் வளரும் நாடுகளும்

வலியாரோடு மோதிப் பார்த்தாலன்றித் தன் வலிமையின் அளவு ஒருவனுக்குப் புலப்படுவதில்லை. வீட்டு முற்றத்தில் தம்பியரை வென்ற சிறுவன் தன்னை ஒரு மல்லனென்றே கருதுகிறான். ஊர்த் திருவிழாவில் அயலூரானிடம் மண்ணைக் கவ்விய பின்னரே கற்கத் தொடங்குகிறான். எனினும், அச்சிறுவனை முதல் நாளிலேயே பெயர்பெற்ற பயில்வானிடம் விட்டு எலும்பை முறித்துவிட்டால், அவன் மறுபடியும் கோதாவில் இறங்கான். ஆதலின், தோல்வி ஆசானாவதும் பகைவனாவதும் அதன் அளவைப் பொறுத்தனவாம். இவ்வுண்மை தனி மனிதர்க்கேயன்றி நாடுகளுக்கும் பொருந்துமாற்றை, நம்மவர் அதிகம் அறியாத ரக்பி என்னும் பந்தாட்டத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தொலைநாட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசுமுன் நம் கண்முன் உள்ளதொன்றைக் காண்போம். சென்னையினின்று மேற்கே செல்லும் பெருவழியில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து, இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே ஒரகடம் வரை செல்வோமாயின், ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த நாட்டில் இன்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கக் காண்கிறோம். 1996-ஆம் ஆண்டில் தோன்றிய ஹூண்டாய்க் கம்பெனியின் முதற் கார் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தொடங்கின. உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் பொருள் செய்பவனுக்குத் தன் குறை தெரிவதில்லை. கப்பலேறிப் பிற நாடு செல்லும் வண்டிக்கோ, அதன் ஒரு சிறு திருகாணியும் உலகத்தார் வகுத்த அளவுக்கு மயிரிழையும் பிசகாதிருத்தல் வேண்டும். பிறர் அளவுகோலால் அளக்கப்படுதல் கசப்பான மருந்தே; எனினும் தொழில் வளர்வது அதனாலேயாம்.

விளையாட்டிலும் இவ்வட்டாரமே நமக்குச் சான்று தருகிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த மோட்டார்ப் பந்தயங்களுக்கு, இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் நிலையானதொரு பந்தயத் தடம் அமைந்தது. தமிழ்நாட்டு வீரரான நரேன் கார்த்திகேயன் 1996-இல் ஆசியாவளவில் நடந்த ஃபார்முலா ஏசியா பந்தயத் தொடரில் முதன்மை பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் பந்தயங்களிற் பயின்றார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவர் ஒரே தாவலில் உச்சியை எட்டவில்லை என்பதை மாணவர் குறித்துக்கொள்வாராக. ஊர், ஆசியா, இங்கிலாந்து, உலகம் என்று படிகள் இருந்தன. படிக்கொரு போட்டி இருந்தது. இத்தகைய படிகள் ரக்பி ஆட்டத்தில் எந்நாட்டார்க்கு வாய்த்தன, எந்நாட்டார்க்கு வாய்க்கவில்லை என்பதே இனி நாம் காணவேண்டுவது.

முதலில் ஆட்டத்தின் இயல்பை அறிவோம். இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரின் பள்ளியினின்று பெயர்பெற்ற இவ்வாட்டத்தில் பக்கத்துக்குப் பதினைவர் ஆடுவர். பந்து முட்டை வடிவினது. கையிலேந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆயின் கையால் எறியும்போது முன்னோக்கி எறிதல் ஆகாது. பின்வரும் தோழனிடமே கொடுத்தல் வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் ஐந்து புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் இரண்டு. இருபுறத்தும் எண்மர் தோளோடு தோள் பிணைத்து ஒருவரையொருவர் தள்ளும் ஸ்க்ரம் என்னும் பிடி இதன் சிறப்பு. கால்பந்தில் எளிய அணி கோட்டையைக் காத்து நின்று சமன் செய்தல் உண்டு. ரக்பியிலோ உடல் மீண்டும் மீண்டும் மோதுவதால் சிறு வேறுபாடும் எண்பது நிமிஷத்தில் பெருகிப் பெருந்தோல்வியாய் முடிகிறது, காயமும் நேர்கிறது. ஆதலின் யாரோடு யாரை ஆடவிடுவது என்னும் கேள்வி மற்ற ஆட்டங்களினும் இதிற் பெரிது.

இந்தியாவுக்கு இவ்வாட்டம் புதிதன்று. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒருபுறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர் மறுபுறமுமாக ஆடினர். மறு ஆண்டில் அந்நகரில் ஒரு கழகமும் தோன்றியது. சில ஆண்டுகளில் பட்டாளத்தார் பிரிந்து சென்றதாலும், போலோ, டென்னிஸ் ஆட்டங்களில் மோகம் பெருகியதாலும் கழகம் நலிந்தது. உறுப்பினர் அதனைக் கலைத்து, எஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி ஓர் அழகிய கோப்பை செய்வித்தனர். பிடிகள் மூன்றும் நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. அக்கோப்பைக்காகவே 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பொருதுகின்றன. அதன் பெயர் இன்றும் கல்கத்தாக் கோப்பை. வெள்ளி நம்முடையது, வேலைப்பாடு நம்முடையது, பெயரும் நம்முடையது, ஆட்டம் மட்டும் நம்முடையதாகவில்லை. ஏன்? ஆடியவர் தம் பொழுதுபோக்குக்கு ஆடினரேயன்றி இந்நாட்டுச் சிறுவர்க்குக் கற்பித்தாரல்லர். வேரின்றி நட்ட மரம் நிழல் தருவதெங்ஙனம்?

இலங்கையில் நிகழ்ந்தது வேறு. கண்டியில் பிளேஸ் என்னும் ஆசிரியர் 1891-இல் தாம் நிறுவிய பள்ளியில் இவ்வாட்டத்தைப் புகுத்தினார். அப்பள்ளியே பின்னர் மெதடிஸ்டு மிஷனைச் சார்ந்து கிங்ஸ்வுட் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1906-இல் கிங்ஸ்வுட்டும் திருச்சபை மிஷனின் டிரினிட்டி கல்லூரியும் பள்ளிகளுக்குள் முதல் ஆட்டத்தை ஆடின. கொழும்பு ராயல் கல்லூரியும் டிரினிட்டியும் பிராட்பிக் கேடயத்துக்காக 1945 முதல் பொருதுகின்றன. அதனைக் காணத் திரளும் கூட்டம் பெரிது. மிஷன் கல்லூரிகள் இட்ட விதை ஒரு தேசத்தின் ஆட்டமாயிற்று என்பதில் நமக்கும் சிறிது பெருமிதம் உண்டாதல் இயல்பே. எனினும், இலங்கை இதுகாறும் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. 1950-இல் பிரிட்டிஷ் தீவுகளின் அணி தாயகம் திரும்பும் வழியில் கொழும்பில் ஆடி 44-6 என்று வென்று சென்றது. அத்தகைய வருகை விருந்துபோன்றது. விருந்தினால் உடல் தேறுவதில்லை, நாள்தோறும் உண்ணும் உணவினாலேயே தேறும். வலிய நாட்டார் ஆண்டுதோறும் வந்து ஆடும் ஏற்பாடு இலங்கைக்கு வாய்க்கவில்லை.

அவ்வேற்பாடு வாய்த்த நாடு ஜப்பான். 1995-இல் உலகக் கோப்பையில் அந்நாடு நியூஸிலாந்திடம் 145-17 என்று தோற்றது. உலகம் நகைத்தது. ஜப்பானியர் மூன்று காரியங்களைச் செய்தனர். முதலாவது, உள்நாட்டு அடித்தளத்தைத் திருத்தினர். அந்நாட்டில் ரக்பி அணிகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் அணிகள். கோபே எஃகு ஆலை, தோஷிபா, டொயோட்டா முதலிய கம்பெனிகளின் ஊழியரே ஆடிவந்தனர். அவ்வணிகளை 2003-இல் ஒரே லீக் போட்டியாக இணைத்தனர். இரண்டாவது, அயல்நாட்டுப் பயிற்சியாளரை வரவழைத்தனர். மூன்றாவதும் முதன்மையானதும், தமக்குச் சற்றே மேலான எதிரிகளைத் தேடிக்கொண்டனர். 2006 முதல் பசிபிக் தீவுகளான ஃபிஜி, சமோவா, டோங்கா ஆகியவற்றோடு ஆண்டுதோறும் பொருதினர். 2011-இல் அப்போட்டியை வென்றனர். 2015-இல் இருமுறை உலகக் கோப்பை வென்றிருந்த தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்தினர். 2019-இல் தம் மண்ணிலேயே நடந்த உலகக் கோப்பையில் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று காலிறுதி புகுந்தனர். நூற்றுநாற்பத்தைந்து புள்ளிகள் கொடுத்த நாடு இருபதாண்டில் தலைநிமிர்ந்தது தற்செயலன்று. இடையில் படிகள் இருந்தமையாலேயாம்.

படிகளில் ஏறியும் கதவு திறவாமல் நிற்கும் நாடும் உண்டு. ஜார்ஜியா ஐரோப்பாவின் இரண்டாம் வரிசைப் போட்டியில் பல்லாண்டாக முதலிடம் வகிப்பது. 2022-இல் இத்தாலியையும், கார்டிஃப் நகரிலேயே வேல்ஸையும் வென்றது. ஆயினும் முதல் வரிசையாகிய ஆறு நாட்டுப் போட்டியில் அதற்கு இடமில்லை. கீழுள்ளவர் மேலேறவும் மேலுள்ளவர் கீழிறங்கவும் விதியில்லாத போட்டி அது. அப்போட்டியில் 2000-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட இத்தாலி முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை வென்றதாயினும், பிற்காலத்தில் தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்று, 2022-இல் வேல்ஸை ஒரு புள்ளியால் வென்றே மீண்டது. ஜார்ஜியாவுக்கு இடம் தரலாகாதென்பார் இதனையே எடுத்துக்காட்டுவர். நாமோ இதனினின்று வேறு பாடம் கற்கிறோம். பொறுமையோடு இடமளிக்கப்பட்ட நாடு ஈற்றில் எழுந்தது. இடமே அளிக்கப்படாத நாடு தன்னை மெய்ப்பிக்கும் வாய்ப்பையே பெறவில்லை.

வாயிலை அகலத் திறந்தால் நிகழ்வது யாதென்பதற்கு ஹாங்காங் சான்று. உலகக் கோப்பையில் ஆடும் நாடுகளின் தொகை 2027-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 20-இலிருந்து 24 ஆக உயர்த்தப்பட்டது. ஹாங்காங் 2025-இல் ஆசியப் போட்டியை வென்று முதன்முறையாகத் தகுதி பெற்றது. பக்கத்துக்கு எழுவர் ஆடும் சிற்றாட்டம் 2016-இல் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டபோது, பத்து லட்சத்துக்கும் குறைந்த மக்களையுடைய ஃபிஜி பிரிட்டனை 43-7 என்று வென்று, தன் சரித்திரத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கமாகப் பொன்னையே கொண்டது. எண்ணிக்கையன்று, வாய்ப்பே குறை என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவின் நிலை யாது? நம் ஆண்கள் அணி முதன்முதலாகச் சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது 1998-இல். கல்கத்தாவின் முதல் ஆட்டத்துக்கு 126 ஆண்டுகள் பின்னர்! மகளிர் அணி பதினைவர் ஆட்டத்தில் 2018-இல் புகுந்து தோற்றது. மறு ஆண்டிலேயே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. ஓராண்டுக்குள் தோல்வி வெற்றியாக மாறிய காரணம் எளிது: எதிரி எட்டும் உயரத்தில் இருந்தான், மறு ஆட்டமும் விரைவில் வந்தது. 2025-இல் பம்பாயில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் அயல்நாட்டு வீரரோடு நம் இளைஞர் தோள்சேர்ந்து ஆடினர். சென்னைப் பெயர் தாங்கிய அணியே அதனை வென்றது. இவை நல்ல தொடக்கங்கள், தொடக்கங்களே.

இப்போது ஒரகடத்துக்கு மீள்வோம். ஜப்பானில் ஆலையின் பெயர் தாங்கிய அணிகளே தேசத்தைத் தாங்கின. இவ்வட்டாரத்து ஆலைகளிலும் உடல்வலியும் இளமையும் உடைய ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கின்றனர். பலர் ஊரையும் உறவையும் விட்டு வந்து விடுதிகளில் தங்குகின்றனர். அவர்க்கு வாரத்தில் ஒரு மாலையும், ஒரு திடலும், கற்பிக்க ஒருவரும் வாய்ப்பின் ஆலைக்கு ஓர் அணி எழுதல் அரிதன்று. ஆலைக்கும் ஆலைக்கும் போட்டி, பின்பு மாவட்டம், பின்பு இலங்கைப் பள்ளி அணிகள், பின்பு ஆசியா என்று படிகள் அமையலாம். உலகத்தின் அளவுக்குத் திருகாணி செய்யக் கற்ற கைகள் அதே அளவுக்குப் பந்தையும் பிடிக்கக் கற்கமாட்டாவோ?

ஆகவே நாம் கண்ட முடிபுகள் மூன்று: ஆட்டம் உள்ளூரில் வேரூன்றுதல் வேண்டும்; எதிரி சற்றே மேலானவனாய் ஆண்டுதோறும் வருதல் வேண்டும்; வென்றவனுக்கு மேற்படியின் கதவு திறந்திருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் வளர்ச்சி நின்றுவிடும். ரக்பியில் பந்தைக் கையிற்கொண்டவன் முன்னேறுவதற்குப் பின்வருபவனிடமே அதனைக் கொடுக்கிறான். முன்சென்ற நாடுகளும் பின்வரும் நாடுகளுக்கு அங்ஙனமே கொடுக்கக் கற்குமாயின், அவ்வாட்டத்தின் விதியை அவை உண்மையில் உணர்ந்தனவாகும். அதுவரையில், நம் வேரை நாமே ஊன்றுவோமாக.