கடல் கடக்கும் சொற்கள்

நுழையும்முன்

ஒரு மொழியின் சொல்லுக்கு நேரான சொல்லைப் பிறமொழி அகராதியில் கண்டறிதல் எளிது. அச்சொல் சுமந்து நிற்கும் வாழ்க்கையை மறுமொழிக்குக் கொண்டு சேர்ப்பதே அரிது. வழிநூலின் வகைகள் நான்கனுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியர் குறிப்பிடுகிறார். அத்துணைப் பழமையான அக்கலையில் மரபுத்தொடர்களைக் கையாளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஏலாக்குறிச்சி தந்த பாடம்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் ஏலாக்குறிச்சி. 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இவ்வூரில் தங்கிச் சமயப்பணியும் தமிழ்ப்பணியும் ஆற்றினார். இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயர் சூட்டிக் கலம்பகமும் பாடினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். செய்யுளாய் அமைந்த நிகண்டுகளை மனனம் செய்து சொற்பொருள் அறிந்த காலத்தில், 1732இல் சதுரகராதியை உருவாக்கினார். நாம் வீரமாமுனிவர் எனப் போற்றுபவர் அவரே.

அவரது மொழிபெயர்ப்பு நெறியைப் பெயர்களிலேயே காணலாம். கான்ஸ்டன்டைன் என்னும் பெயர் ‘உறுதியுடையவர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கேற்பத் தைரியநாதர் என்பது அவரது முதல் தமிழ்ப்பெயர் ஆயிற்று. தாம் இயற்றிய தேம்பாவணியின் தலைவரான யோசேப்புக்கு வளன் என்று பெயரிட்டார். அந்த எபிரேயப் பெயருக்குப் ‘பெருகச் செய்பவர்’ என்பது பொருள். யோவான் என்பதற்கு ‘இறைவன் அருள் மிக்கவர்’ என்பது பொருள். ஆதலால் அவர் கருணையன் ஆனார். ஒலியை மட்டும் பெயர்த்திருந்தால் அயற்பெயராகவே நின்றிருக்கும் சொற்கள், பொருளைப் பெயர்த்தமையால் தமிழ்ப்பெயர்கள் ஆயின. திருச்சிராப்பள்ளியில் உள்ள கல்லூரியைத் தூய வளனார் கல்லூரி என இன்றும் வழங்குகிறோம்.

சொல்லுக்குச் சொல்

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எப்போதும் பிழையன்று. திருமணத்துக்குப் பின் புதுமணமக்கள் செல்லும் பயணத்தை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தேனையும் நிலவையும் சேர்த்துக் குறிப்பர். நாமும் தேனிலவு என்றோம். அது தமிழில் நிலைத்துவிட்டது. பொய்யழுகையை முதலைக் கண்ணீர் என்பதும் மும்மொழிக்கும் பொது. ஆனால், தமிழில் நீலிக் கண்ணீர் என்னும் தொடரும் உண்டு. பழையனூர் நீலியின் கதையை அறியாத பிரெஞ்சு வாசகருக்கு அப்பெயரை அப்படியே தந்தால் எதுவும் விளங்காது. அங்கே முதலையே துணைக்கு வரவேண்டும்.

மண்ணும் மொழியும்

மரபுத்தொடர் மண்ணிலிருந்து முளைப்பது. மழையை எதிர்நோக்கிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் பெரம்பலூர்ச் சீமையில் குளிர்ச்சி என்பது இன்பம். ஆகவே, ‘மனம் குளிர்ந்தது’ என்கிறோம். ‘வயிறு குளிர வாழ்த்தினார்’ என்கிறோம். பனி உறையும் ஐரோப்பாவிலோ வெம்மையே இன்பம். ஆங்கிலமும் பிரெஞ்சும் அன்பான வரவேற்பை வெம்மையான வரவேற்பு என்னும். குளிர்ந்த வரவேற்பு என்றால் அங்கு அன்பின்மை. ‘மனம் குளிர வரவேற்றார்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாழ்த்து வசையாகிவிடும். குளிரை வெம்மையாக மாற்றுபவரே இங்கு மூலத்துக்கு உண்மையாக இருப்பவர்.

இணைத்தொடர் காணல்

நிலக்கரிக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கே நிலக்கரி கொண்டு செல்வதாக ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு. ஒரு பொருள் மிகுந்துள்ள இடத்துக்கே அதைச் சுமந்து செல்லும் வீண்முயற்சியை அது குறிக்கும். இதனைப் பிரெஞ்சுக்காரர் ‘ஆற்றுக்கு நீர் சுமத்தல்’ என்பர். நமக்கோ ‘கொல்லன் தெருவில் ஊசி விற்றல்’ உண்டு. மூன்றிலும் பொருள்கள் வேறு, கருத்து ஒன்று.

சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூரை வைத்து, ‘அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுதல்’ என்று புதிதாக ஒன்றைப் படைக்கலாமே என நமக்குத் தோன்றலாம். கருத்துப் பொருந்தும், ஆயினும் அது மரபுத்தொடர் ஆகாது. பலர் நாவில் பல்லாண்டு பழகிய பின்னரே ஒரு தொடர் மரபாகும். பழகிய தொடர் இருக்கையில் அதனையே ஆள்க; இல்லையெனில் கருத்தை நேரே கூறுக.

தகுதி நோக்கல்

ஒருவர் இறந்ததை ஆங்கிலேயர் ‘வாளியை உதைத்தார்’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘புகைக்குழாயை உடைத்தார்’ என்றும் விளையாட்டாகக் கூறுவதுண்டு. இவற்றுக்கு ‘மண்டையைப் போட்டான்’ என்பதே நிகர். ‘இயற்கை எய்தினார்’ என்பது, நன்னூலார் தகுதி வழக்கினுள் கூறும் மங்கலம். பொருள் ஒன்றாயினும் அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று நில்லா. துயர்ச்செய்தியில் முன்னதை ஆண்டால் மாண்டவருக்கு இழிவு. நகைச்சுவைக் கதையில் பின்னதை ஆண்டால் கதைக்கு இழப்பு.

பிழையின் விலை

பிழை எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை. பாரிசு நகரில் வாழும் தமிழ்த் தாய் ஒருவர் மருத்துவரிடம் செல்வதாகக் கொள்வோம். அங்கே பிறந்து வளர்ந்த மகளே மொழிபெயர்ப்பாளர். ‘வயிறு எரிகிறது’ என்கிறார் தாய். அது இரைப்பை எரிச்சலா, மகனை நினைத்த மனவேதனையா? ‘நெஞ்சு அடைக்கிறது’ என்றால், அது துயர மிகுதியா, மாரடைப்பின் முன்னறிகுறியா? சொல்லை மட்டும் பெயர்த்தால் மனநோவுக்கு மாத்திரை கிடைக்கும். அல்லது, உயிர்காக்கும் பொழுது கைநழுவும். ‘அம்மா, எங்கே வலிக்கிறது? எப்போதிலிருந்து?’ என்று கேட்டறிந்த பின் பெயர்ப்பதே அறிவுடைமை. ஐயமுற்ற இடத்தில் வினவுதல் மொழிபெயர்ப்பாளருக்குக் குறையன்று, கடமை.

அகராதி நமக்குச் சொற்களைத் தரும். எந்தச் சொல், யாருக்கு, எந்தச் சூழலில் என்பதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த முனிவர் நம் மொழியைக் கற்றதோடு நில்லாமல், நம் செவிகொண்டும் கேட்டார். அதனால்தான் அவர் தந்த பெயர்கள் நம்மிடையே நிலைத்தன.

கற்பவை கற்றபின்

1. குளிர்ச்சி, வெம்மை ஆகியவற்றை ஒட்டிய தமிழ் மரபுத்தொடர்களைத் தொகுத்து, அவற்றை ஆங்கிலத்தில் எவ்வாறு பெயர்ப்பீர் எனக் காரணத்துடன் எழுதுக.

2. உம் ஊர்ப் பெரியோரிடம் கேட்டு, உடலுறுப்புப் பெயர்கள் அமைந்த ஐந்து மரபுத்தொடர்களைத் திரட்டுக. அவற்றுள் நேர்ப்பொருளும் மரபுப்பொருளும் உடையன எவை எனச் சுட்டுக.

3. ‘பொருளைப் பெயர்த்தலே பெயர்களுக்கும் பொருந்தும்’ – இக்கருத்தை ஏற்கிறீரா? வகுப்பில் கலந்துரையாடுக.