இலவச நிரலுக்கு விதி எதற்கு?

கேள்வி: திறந்த மூல நிரல் இலவசம்தானே, நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டால் என்ன தவறு?
- வாசகர், சுவா தோட்டம், நெகிரி செம்பிலான்

பதில்: எடுப்பதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. அதை வைத்துப் பொருள் விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூல நிரலைத் தந்தாக வேண்டும்.

லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி வைஃபை ரௌட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003-இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். மூல நிரலைத் தரும்படி நெருக்குதல் முற்றியதும் நிறுவனம் அதை வெளியிட்டது. அதிலிருந்து பிறந்த ஓபன்டபிள்யூஆர்டி இன்று பல நிறுவனங்களின் ரௌட்டர்களில் ஓடுகிறது. விதியை மதித்ததால் விளைந்த பலன் எவ்வளவு பெரிது!

ஆனாலும் லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோ மீது, உரிமத்தை மீறியதாக 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குப் போட்டது. 2009-இல் சமரசம்: அறக்கட்டளைக்கு நன்கொடை, உரிமத்தைக் கவனிக்கத் தனி அதிகாரி.

உங்கள் ரௌட்டரின் கையேட்டில் ஜி.பி.எல். குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூல நிரலைக் கேட்டு எழுதுங்கள். அது உங்கள் உரிமை.