நாய்க்குட்டிக்கு இரட்டைப் பல்லா? குறட்டைத் தொடாதீர்கள்!

தோட்டத்து லயமானாலும், கிள்ளான் பக்கத்துத் தரை வீடானாலும், நாய்க்குட்டியின் வயிற்றை நாம் கவனிக்கிறோம். வாயைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

நம் பிள்ளைகளைப் போலவே நாய்க்குட்டிக்கும் பால் பல் உண்டு. மொத்தம் 28. மூன்று வார வயதில் முளைக்கத் தொடங்கும். நான்காம் மாதவாக்கில் ஒவ்வொன்றாக விழும். ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிட வேண்டும். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

புதுப்பல் முளைத்து வரும்போது பால் பல்லின் வேர் கரையும். பல் ஆடி விழும். வேர் கரையாவிட்டால் பழசும் புதுசும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொமரேனியன், பூடில் போன்ற சின்ன ஜாதி நாய்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் கோரைப் பல்லில்தான். ஊசி மாதிரி மெலிந்தது பால் பல், தடித்தது புதுசு.

"இருந்துட்டுப் போகட்டுமே" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் தீனி சிக்கி அழுகும், ஈறு வீங்கும், வாய் நாறும். கீழ்க்கோரைப் பல் பால் பல்லுக்கு உள்பக்கமாக முளைக்கிறது. விலகி வர இடமில்லாமல் போனால் மேல் அண்ணத்தில் குத்தும். வாயை மூடும்போதெல்லாம் வலிதான். வாயில்லா ஜீவன் யாரிடம் சொல்லும்?

பிள்ளையின் ஆடும் பல்லை நூல் கட்டி இழுத்துக் கூரைமேல் எறிந்த பழக்கத்தில், குட்டியின் பல்லையும் குறடு போட்டு இழுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது! ஆடாத பால் பல்லின் வேர், வெளியே தெரியும் பல்லைவிட நீளம். பாதியில் முறிந்தால் உள்ளே சீழ் பிடிக்கலாம். பக்கத்துப் புதுப்பல்லும் கெடலாம். பல் விழட்டும் என்று கெட்டி எலும்பைக் கொடுப்பதும் தப்பு. நல்ல பல்லே உடைந்துபோகும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. நான்காம் மாதம் முதல், வாரம் ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

2. புதுப்பல் வெளியே வந்தும் பழசு ஆடாமல் நின்றால், உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சீக்கிரம் எடுத்தால், கோணி வரும் பல் தானாக நேராக வாய்ப்புண்டு.

3. மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லை எடுப்பார்கள். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்; அதில் வெட்கம் வேண்டாம். கருத்தடை ஆபரேஷனுக்கும் நேரம் ஒத்துவந்தால், இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் பொதுமக்களின் வளர்ப்புப் பிராணிகளையும் பார்க்கிறார்கள்.

உங்கள் குட்டிக்கு நாலு மாதம் ஆகிவிட்டதா? இன்றைக்கே உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.