ஒத்தும் மின்கிதாரும்

பிள்ளையார்பாளையத்து இளம் கலைஞருக்கு,

காஞ்சிபுரத்தின் பட்டுத்தறிகளுக்கு நடுவே, கைலாசநாதர் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில், நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சைக்கடெலிக் கராஜ் ராக் ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்ய முனையும் இளைஞர், தாம் எடுத்துக்கொண்ட இசையின் இரு வேர்களையும் முதலில் தனித்தனியே அறிந்துகொள்வது நல்லது. கராஜ் ராக் என்பது 1960களில் அமெரிக்க இளைஞர்கள் வீட்டுக் கார் கொட்டகைகளில் பழகி, மலிவான கருவிகளைக் கொண்டு, இரண்டு மூன்று கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, மட்டுமே வைத்து உரக்க வாசித்த முரட்டு இசையாகும். சைக்கடெலிக் என்பது, மனம் தன் வழக்கமான காலவுணர்விலிருந்து விலகும் நிலையை ஒலியாலேயே உண்டாக்க முயன்ற போக்கு. நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரம், அடுக்கடுக்கான எதிரொலி, பின்னோக்கி ஓடும் ஒலிநாடா, வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட கிதார் ஆகியவை அதன் கருவிகள். இவ்விரண்டும் கூடிய தொடக்ககால இசைத்தட்டுகளுள் ஒன்றை, டெக்ஸாஸ் மாநிலத்தின் ‘தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ குழு 1966-இல் வெளியிட்டது. அதில் கிதாருக்கு இணையாக ஒலிப்பது, மைக்கின் அருகே பிடித்த ஒரு ஜாடிக்குள் எழுப்பப்பட்ட குரலொலி என்பதை, மண்பானையைக் கச்சேரி மேடையில் ஏற்றி வைத்திருக்கும் நாட்டைச் சேர்ந்தவர் கவனிக்கத் தவறக்கூடாது.

இந்த இசைக்கு இந்தியச் சாயல் தேவை என்று எண்ணும் பலர் உடனே சித்தாரைத் தேடுகின்றனர். அது பிறர் நடந்து தேய்ந்த பாதை. பீட்டில்ஸ் குழுவினர் 1966-ஆம் ஆண்டு ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் கடைசிப் பாடலில் தம்பூராவின் ஒரே சுரத்தை அடித்தளமாக விரித்து, அதன்மேல் சுழற்சியாக ஓடும் நாடாத் துண்டுகளையும், சுழலும் ஒலிபெருக்கி வழியே அனுப்பிய குரலையும் வைத்தனர். 1970-இல் ஆனந்த சங்கர் சித்தாரையும் மூக் என்னும் மின்னணு இசைக்கருவியையும் இணைத்து வெளியிட்ட ஆல்பம், அவர் வளர்ந்த இசைக் குடும்பச் சூழலிலிருந்து இயல்பாக எழுந்தது. காஞ்சிபுரத்து இளைஞருக்கு வாய்த்த நீள் சுரமோ வேறு. கோயில் வாசலில் நாகஸ்வரத்துக்குத் துணையாக ஒலிக்கும் ஒத்து, விரல் வைத்து வாசிப்பதற்கு அல்லாமல் ஆதார சுருதியை மட்டும் தாங்கி நிற்பதற்கென்றே அமைந்த குழல்; அதை ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூச்சை இடைவிடாமல் சுழற்றி, ஒரே சுரத்தை அறாமல் நிறுத்துவார். இன்று பல இடங்களில் சுருதிப் பெட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. எந்திரம் தரும் சுருதி அசைவதில்லை; மனிதர் ஊதும் ஒத்து நுண்ணிதாக அசைகிறது, அந்த அசைவிலேதான் செவி மயங்குகிறது. சைக்கடெலிக் இசைஞர்கள் ஒலிநாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தேடிய மயக்கம் அது. ஆகவே ஒத்து ஊதத் தெரிந்த ஒருவரை இளம் கலைஞர் தேடிச் சென்று, உரிய ஊதியம் தந்து, நெடுநேரம் ஊதச் சொல்லி, கிதாரைத் தொடாமல் கேட்டிருக்க வேண்டும்.

நாகஸ்வரத்தை ஆல்பத்தில் சேர்ப்பதானால், சுருதியை விட்டுக்கொடுக்க வேண்டியது கிதார்தான். இன்று பெருவழக்கிலுள்ள நாகஸ்வரம் ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்கும். ஊதும் நாக்கான சீவாளியை மாற்றியும் உதட்டின் அழுத்தத்தாலும் அதைச் சிறிது அசைக்கலாமேயன்றி, வேண்டிய சுருதிக்கெல்லாம் இழுக்க இயலாது. கிதாரின் தந்திகளையோ அரைச் சுரமோ ஒரு சுரமோ தளர்த்தி அங்கே கொண்டுவந்து, சிலவற்றைச் சட்ஜம், பஞ்சமம் என்று மட்டும் திறந்தொலிக்கும்படி கூட்டிவிடலாம். அப்படிக் கூட்டிய கிதார் கார்டுகளை மறந்து, ஒத்தைப் போல ஒரு தளத்தில் நிலைக்கத் தொடங்கும். பதிவின்போது நாகஸ்வரத்தின் ஒலி அதன் விரிந்த வாயான அணசிலிருந்து மட்டுமன்றி விரல் துளைகளிலிருந்தும் வெளிப்படுவதால், மைக்கை வாயருகே ஒட்டாமல் சில அடி தள்ளி வைப்பதே தகும். தவிலுக்கோ இன்னும் தொலைவு வேண்டும்.

ஃபஸ் எனப்படும் கிதார்ச் சிதைவைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. கிதாரின் மின் அலையை டிரான்சிஸ்டர் தாங்கக்கூடிய எல்லையைக் கடந்து பெருக்கும்போது, அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன; அந்த வெட்டு, மூலச் சுரத்தில் இல்லாத பல மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது. 1966-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெட்டியில் இருந்தவை இரண்டே டிரான்சிஸ்டர்கள். இத்தகைய எளிய மின்சுற்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கக்கூடிய உதிரிகளைக் கொண்டு வீட்டிலேயே சூட்டுக்கோலால் பற்றவைத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்த கருவி பிசகினாலும் பாதகமில்லை. பிசகிய ஓசை அந்த ஆல்பத்துக்கே உரியதாக இருக்கும். கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் நூறு ஓசைகளோ உலகம் முழுவதும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன.

இத்தகைய ராக் இசையில் இந்திய முன்னோடிகள் இல்லாமலில்லை. சிகரெட் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த அகில இந்திய சிம்லா பீட் போட்டியில் கலந்துகொண்ட குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளுக்குத் தலா ஒன்றாக இரண்டு இசைத்தட்டுகளாக வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற குழுக்களை இன்றும் உலகம் அறிவது அவற்றின் வழியாகவே. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்நாளில் நல்ல ஆம்ப்ளிஃபயர் கிடைப்பதே அரிதாயிருந்தும், அப்பதிவுகளில் தயக்கம் கேட்பதில்லை. அவர்கள் பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். சிலர் அயல்நாட்டுக் குழுக்களின் பாடல்களையே மறுபடி வாசித்தனர். அதே காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டின் ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் பாடத் தொடங்கி, காஞ்சிப் பட்டுடுத்தி மேடையேறுவதையே தம் அடையாளமாக்கிக்கொண்ட உஷா ஐயர், பின்னாளின் உஷா உதூப், காஞ்சியின் நெசவு அந்த மேடைகளை முன்னமே தொட்டிருப்பதற்குச் சான்று. தமிழ்ச் சொல் மின்கிதாரோடு பொருந்துமா என்ற ஐயத்தை 2018-இல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் ராக்கையும் ஒருசேர வைத்துத் தீர்த்துவிட்டது. எனவே இளம் கலைஞர் தமிழிலேயே எழுதலாம். ஆனால் பொருள் விளங்காத மயக்கச் சொற்களை அடுக்காமல், கூலி, முன்பணக் கடன், சாயம், உறக்கமின்மை என்று தெருவில் உள்ளவற்றைப் பெயர் சொல்லி எழுதுவாராயின், மயக்கத்தை இசை பார்த்துக்கொள்ளும். தறியோசையைப் பதிந்து பாட்டின் தொடக்கத்தில் அலங்காரமாக ஒட்டும் ஆசை எழும். அந்த ஓசையின் நடையைத் தாளக்காரர் பாட்டு முழுவதும் எதிர்கொண்டு வாசிக்கப் போவதில்லையெனில், அதை விட்டுவிடுதலே நெசவாளருக்குச் செய்யும் மரியாதை.

பதிவைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து பின்னர் ஒட்டும் முறையைத் தவிர்த்து, எல்லோரும் ஒரே கூடத்தில், ஒருவரையொருவர் பார்த்து வாசிக்க வேண்டும். தறி ஓடாத நேரத்தில் கிடைக்கும் நீண்ட கூடமும் ஓட்டுக்கூரையும் வாடகை ஸ்டூடியோவுக்குக் குறைந்தவை அல்ல. ஒருவரின் மைக்கில் மற்றவரின் ஒலி கசிவது கராஜ் இசையின் உடம்பு. இவ்வாறு வாசிக்கும்போது தேவைப்படும் அடக்கத்துக்குக் காஞ்சிபுரமே இலக்கணம் வைத்திருக்கிறது. காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை (1889–1934), வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் எனப் பலரைச் சூழ வைத்துப் பாடிய ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளுக்குப் புகழ்பெற்றவர். அத்தனை பேர் மேடையில் இருந்தும் பாட்டு நசுங்காமல் நின்றதென்றால், ஒருவர் வாசிக்கையில் மற்றவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதே காரணம். ராக் குழுக்கள் பெரும்பாலும் கற்காத பாடம் இது.

போதைப்பொருளும் இந்த இசையும் பிரிக்க முடியாதவை என்ற பேச்சை இளம் கலைஞர் நம்ப வேண்டியதில்லை. மேலே சொன்ன எலிவேட்டர்ஸ் குழுவின் பாடகர் ராக்கி எரிக்சன் 1969-இல் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகி, மனநல மருத்துவமனையில் 1972 வரை அடைபட்டு, மின்னதிர்ச்சி சிகிச்சைக்கும் உள்ளானார். அந்த ஆண்டுகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இந்த இசையின் ஒலிகளை உண்டாக்கியவை நாடாவும் மின்சுற்றும் பொறுமையுமே.

மும்பையின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழு 1970களில் வாசித்த பாடல்கள் ‘அப்செஷன் 77’ என்னும் ஆல்பமாக 1981-இல் கடைக்கு வந்தபோது குழுவே கலைந்திருந்தது. பாடல்களைத் திருத்திக்கொண்டே இருக்கும் இயல்புடையவர் இதை நினைவில் கொண்டு, குழு உயிரோடிருக்கையிலேயே ஆல்பத்தை முடித்துவிட வேண்டும். முடிப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தமும் தேவை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடல் வரிக்கும், மெட்டுக்கும், ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை வகுத்து, ஒலிப்பதிவின் உரிமையை 60 ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளரிடம் வைக்கிறது. பணம் போட்ட நண்பரே சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளராகிவிடக்கூடும். ஆகையால் ஒத்து ஊதியவர், தவில் வாசித்தவர் உட்பட ஒவ்வொருவரின் பெயரும் உறையில் அச்சாவதும், அவரவர் பங்கு எவ்வளவு என்பது பதிவு தொடங்கும் நாளுக்கு முன்னரே கையெழுத்தாவதும் இன்றியமையாதவை.