மொட்டைத்தலை, முழங்கால், நடுவே குடல்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. காலையும் இரவும் தவறாமல் பால் குடிப்பவர். அப்படியிருந்தும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளோ, "பாட்டியின் குடல் பாக்டீரியாவைக் கவனியுங்கள்" என்கிறாள். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: முடிச்சு உண்மையிலேயே இருக்கிறது, அம்மா. அதற்கு முன் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். அதைக் கேட்டால், செருப்பைப் போல எலும்பும் நடந்து நடந்து தேய்கிறது, பாலை ஊற்றி நிரப்பிவிடலாம் என்று தோன்றும். அப்படித் தேய்வது மூட்டிலுள்ள குருத்தெலும்பு. அடர்த்திப் பரிசோதனை காட்டுவது எலும்புப்புரை, அதாவது எலும்பின் உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பின் கண்கள் பெரிதாகிப் பலம் குறைவது.

எலும்புக்குள் ஓயாமல் வேலை நடக்கிறது. ஒருவகை அணுக்கள் பழைய எலும்பைத் தோண்டும். இன்னொருவகை பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டும். ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தபின், தோண்டுகிற வேகத்துக்குக் கட்டுகிற வேகம் ஈடுகொடுப்பதில்லை. பாலிலுள்ள கால்சியம் வெறும் செங்கல்தான். 50 வயது கடந்த பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் இருப்பதோ 300-க்குள். அதிலும் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உடலில் சேரும். ஆக, செங்கல் போதவில்லை. வந்ததும் முழுதாக இறங்கவில்லை. தோண்டுகிறவர்களையும் யாரும் தடுக்கவில்லை. பின்னிரண்டில்தான் குடல் வருகிறது.

2012-இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளின் எலும்பு, சாதாரண எலிகளின் எலும்பைவிட அடர்த்தியாக இருந்தது! குடல் பாக்டீரியா நோய் எதிர்ப்பு அணுக்களைச் சீண்டிவிட, அவை எலும்பைத் தோண்டும் அணுக்களைப் பெருக்கியிருந்தன. அதற்காக பாக்டீரியாவே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தீனி கிடைத்தால் அவை வேறு முகம் காட்டும்.

அந்தத் தீனிதான் நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர, பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும் இந்த வகைதான். இவை பெருங்குடலைச் சற்றுப் புளிப்பாக்குவதால், கால்சியம் கரைந்த நிலையிலேயே இருந்து உடலில் சேரும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் கசியத் தொடங்கும் குடற்சுவரையும் இவை இறுக்கும். இரத்தத்தில் கலந்து, தோண்டும் அணுக்களையும் அடக்குவதாக எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

"அப்படியானால் கடையில் பாக்டீரியா பானம் வாங்கிக் கொடுத்தால் போதுமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்படி சினைப்பை நீக்கிய எலிகளுக்கு ஒரு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தபோது எலும்பு அடர்த்தி கூடியதாக 2015-இல் எழுதினார்கள். மனிதர்களில் கதை அவ்வளவு நேராக இல்லை. சுவீடனில் 75 முதல் 80 வயதுள்ள 90 பெண்களில் பாதிப்பேருக்கு ஓராண்டு வேறொரு பாக்டீரியாவைக் கொடுத்ததில், கணைக்கால் எலும்பின் இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, அது 2018. அதே பாக்டீரியாவை, மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன பெண்களிடம் ஈராண்டு சோதித்தபோது பலனில்லை என்று 2024-இல் தெரிந்தது. புட்டியில் வருவது விருந்தாளி. தங்கினாலும் தங்கும், போனாலும் போகும். குடியிருப்பவர்களுக்குச் சோறு போடுவதே உறுதியான வழி.

அம்மாவின் தட்டைப் பாருங்கள். அநேகமாக வெள்ளைச் சோறு, மீன்குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி முட்டைக்கோஸ். மாலையில் தே தாரேக், ரொட்டி. வெள்ளைச் சோற்றில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். பெருங்குடலில் காத்திருப்பவர்களுக்கு மிச்சமில்லை. ஜெலுத்தோங் சந்தையில் பயற்றங்காயும் முருங்கைக்கீரையும் வாங்குங்கள். கச்சாங் பூத்தே வாங்கினால் பொரித்ததை விட்டு அவித்த கடலையாகக் கேளுங்கள். தெம்பேயைச் சமைத்தால் அதிலுள்ள உயிர்ப் பூஞ்சை செத்துவிடும். நார்ச்சத்தும் புரதமும் நிற்கும். உலர்ந்த பிளம்ஸும் நல்லது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அதை ஓராண்டு நாளுக்கு 50 கிராம், அதாவது ஐந்தாறு பழம், சாப்பிட்ட பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி பெரிதும் குறையாமல் நின்றது.

மருத்துவர் தந்த மாத்திரையையும் வெயிலில் நடப்பதையும் இதற்காக நிறுத்த வேண்டாம், பாலும் இருக்கட்டும். கடலையை மட்டும் முதல் நாளே கிண்ணம் நிறையக் கொடுத்துவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவர்கள் விருந்தைக் கண்டால் ஆரவாரம் செய்வார்கள். அந்தச் சத்தம் அம்மாவின் வயிற்றிலிருந்து கூடம் வரை கேட்கும். முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும்.