சேகோ ஆலைக் கழிவுநீரும் எரிவாயுவும்



தருமபுரி மாவட்டத்தில் மரவள்ளி ஒரு முக்கியப் பயிர். அக்கிழங்கு, ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளில் தோலுரித்து அரைக்கப்பட்டு, மாவுப்பால் வடிக்கப்பட்டபின் எஞ்சும் நார்ச்சக்கையே திப்பி எனப்படுகிறது. திப்பியை உலர்த்தித் தீவனத்துக்கு விற்றுவிடலாம். ஆலைக்கு உண்மையான சுமை, கிழங்கைக் கழுவிய நீரும் மாவு படிந்தபின் மேலே நிற்கும் தெளிநீருமே ஆகும். மாவுச்சத்தும் சர்க்கரையும் கலந்த அந்நீர் ஓடையில் விழுந்தால், அவற்றை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் ஓடைநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் மடிகின்றன.

அதே நீரைக் காற்றுப் புகாத கலனில் செலுத்தினால் நிகழ்வது வேறு. ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, வேறு சில அதனை அசிட்டிக் அமிலம் முதலிய கரிம அமிலங்களாக்க, இறுதியில் மீத்தேனாக்கிகள் எனப்படும் உயிரிகள் அவ்வமிலத்திலிருந்து மீத்தேனை உருவாக்குகின்றன. இவ்வாறு கிடைக்கும் சாண எரிவாயு வகைக் கலவையில் ஏறத்தாழ 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன், எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அதன் ஒரு கன மீட்டர், சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 0.45 கிலோவுக்கு ஈடு.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. மாவுச்சத்து விரைவில் புளித்துவிடும். ஆனால் மீத்தேனாக்கிகள் மெல்லப் பெருகுபவை. ஆசைப்பட்டு ஒரே நாளில் மிகுதியாக ஊட்டினால் அமிலம் தேங்கி, பிஎச் அளவு 6.5-க்கும் கீழே இறங்கி, வாயு நின்றுபோகிறது. ஆகவே கழிவு மிகுந்தால் வாயுவும் மிகும் என்ற கணக்கு இங்குப் பொருந்தாது. மரவள்ளியிலிருந்து நீரில் கசியும் சயனைடு சேர்மங்களும் பழக்கப்படாத நுண்ணுயிர்களை ஒடுக்கக்கூடும் என்பதால், தொடக்கத்தில் கலனைச் சாணக் கரைசலால் நிரப்பி, கழிவுநீரைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

சாணத்தின் பங்கு பலரும் எண்ணுவதுபோன்றதன்று. மாடு தன் வயிற்றில் செரித்ததன் மிச்சமே சாணமாதலால் அதில் ஆற்றல் குறைவு. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 25 கிலோ சாணம் வேண்டும். எனினும் மீத்தேனாக்கிகள் அதிலேயே குடியிருப்பதாலும், அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை அதற்கு உண்டாதலாலும், புளிக்கும் கழிவுக்கு அது இன்றியமையாத துணை.

வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி அழுத்தினால் வாகன எரிபொருளாகும். 2018-இல் தொடங்கிய நடுவண் அரசின் சதத் திட்டம் இதற்குரியது. ஆலையைப் பொறுத்தவரை, விறகுக்கு மாற்றாக அடுப்பிலோ, மின்னாக்கியிலோ எரிப்பதே எளிது. மீத்தேனாக வெளியேறுவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. கிழங்கு மண்ணிலிருந்து எடுத்த சாம்பல்சத்தில் கழிவுநீரோடு வந்த பகுதி கலனைவிட்டு வெளிவரும் கரைசலிலேயே தங்குவதால், அக்கரைசலை அடுத்த மரவள்ளி நடவுக்கு முன் வயலுக்கே பாய்ச்சலாம்.